இன்ஜொல்மிக்கு ஒரு கண்ணாடி வீடு

மா தொக்சூவின் வீட்டுக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி ஒன்று நின்றது. உள்ளே திறக்காத வெளிநாட்டு விஸ்கி பாட்டில்கள். நடுத்தட்டில் ஜின்செங் என்னும் மருந்து வேரை முழுசாகச் சாராயத்தில் ஊறப்போட்ட பெரிய ஜாடி. கூன்சான் ஊரில் பாய்லர் பழுது பார்க்கும் அவருக்கு ஐம்பது வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. சேர்த்து வைத்த சொத்து என்றால் அந்த அலமாரிதான். நண்பன் போங்கு வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று எச்சில் விழுங்குவான். "அந்த ஜாடிய என்னிக்கு அண்ணே திறப்பே?" என்பான். "பெரிய நாள் ஒண்ணு வரட்டும்டா" என்று சொல்லித் தொக்சூ சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிடுவார்.

போன இலையுதிர்காலத்தில் மியொங்ஜு அவருக்கு மனைவியாக வந்தாள். கூடவே அவளுடைய முதல் கல்யாணத்து மகள் செபோம் வந்தாள், பதின்மூன்று வயதுப் பெண். செபோம் கையில் ஒரு சின்னக் கம்பிக்கூண்டு, அதற்குள் ஒரு ஹாம்ஸ்டர். வறுத்த பயற்றுமாவில் புரட்டிய இன்ஜொல்மிப் பலகாரத்தின் நிறம் என்பதால் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருந்தாள். தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தட்டு கழுவிய வீட்டில் ஒரே நாளில் மூன்று உயிர்கள் வந்து சேர்ந்ததும் தொக்சூவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு முள். செபோம் அவரை 'அஜோஷி' என்றுதான் கூப்பிட்டாள். பழக்கடைக்காரரையும் வழியில் போகிறவரையும் கூப்பிடுகிற சொல் அது. பகலெல்லாம் வீடு வீடாகப் போய் "அஜோஷி, வெந்நீரே வரலை" என்று எல்லோரும் கூப்பிடக் கேட்டுவிட்டு வருகிற மனிதர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அஜோஷியாகவே உட்கார்ந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு கையாலும் ஏந்தித்தான் தண்ணீர் கொடுப்பாள். அந்த மரியாதைதான் அவரைக் குடைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிம்சி ஊறுகாய் எடுக்கப் பால்கனிப் பக்கம் போனவரின் காதில், செபோம் தன் சித்தியோடு போனில் பேசுவது விழுந்தது.

"உரி ரொம்ப நெருக்கடி, சித்தி. இப்படியே எவ்வளவு நாள் ஓட்டறது? அஜோஷிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

உரி என்றால் அவர்கள் பேச்சில் 'நாங்கள்', 'எங்கள்'. என் வீடு, என் அம்மா என்றெல்லாம் அங்கே யாரும் சொல்வதில்லை. எல்லாம் உரிதான். நாங்கள் இங்கே நெருக்கடியில் கிடக்கிறோம் என்று பிள்ளை சொல்கிறாள்! தொக்சூ கிம்சியை மறந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

சாயங்காலம் தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"என்னங்க, படுக்கையத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? சண்டைகூடப் போடலையே நாம?" என்றாள் மியொங்ஜு.

"பெரிய ரூம நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கங்க. பத்தலைன்னா வேற வீடு பாக்கறேன். நெருக்கடியா இருக்குன்னு பாப்பா சித்திகிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு." மியொங்ஜுவை நிமிர்ந்து பார்த்தார். "போயிட மட்டும் போயிடாதீங்க."

செபோம் வாய் பிளந்து நின்றாள். பிறகு அவள் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. உள்ளே ஓடிப்போய்க் கம்பிக்கூண்டைத் தூக்கி வந்தாள்.

"அஜோஷி, நான் சொன்னது அந்த உரி இல்ல! இந்த உரி!"

விலங்கை அடைக்கிற கூண்டுக்கும் அவர்கள் மொழியில் உரி என்றுதான் பெயர். மியொங்ஜு சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொக்சூ மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி அசடு வழிந்தார்.

"கம்பியக் கடிச்சுக் கடிச்சு இதுக்கு மூக்கெல்லாம் புண்ணு" என்றாள் செபோம், குனிந்த தலை நிமிராமல். "பெரிசா ஒண்ணு வேணும். ஆனா நாங்க வந்ததே உங்களுக்கு இடைஞ்சல், இதுல இது வேறயான்னு..."

"இடைஞ்சலா?" என்றார் தொக்சூ. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார்.

மறுவாரம் அலமாரியைத் தூக்கப் போங்குவும் வந்தான். "ஒரு எலிக்காகச் சரக்கையெல்லாம் தெருவுல நிறுத்திட்டியே அண்ணே!"

"எலி இல்ல மாமா, ஹாம்ஸ்டர்" என்றாள் செபோம்.

"சரி தாயி. வீட்டுக்காரர் கோவிச்சுக்கப் போறார்" என்று ஹாம்ஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

தட்டுகளை உருவிவிட்டு, அலமாரியை முதுகு கீழாகப் படுக்கவைத்தார்கள். கதவு இப்போது மூடி ஆகிவிட்டது. அப்படியே மூடிவிடலாம் என்றார் தொக்சூ. "மூச்சு முட்டிச் செத்துடும்!" என்று செபோம் அலறினாள். கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, மரச்சட்டம் அடித்துக் கம்பிவலை பூட்டினார். குளிருக்காக அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிற தரை ஆயிற்றே, பிள்ளையின் பிராணி வெந்துவிடக் கூடாதென்று கீழே கட்டை கொடுத்துத் தூக்கினார். விஸ்கி நின்ற இடத்தில் காகிதத்தூளை முழங்கை ஆழத்துக்குக் கொட்டினாள் செபோம். ஒரு மூலையில் மணல், ஒரு மூலையில் சக்கரம்.

இன்ஜொல்மியை உள்ளே விட்டதும் அது கொஞ்சநேரம் மோப்பம் பிடித்தது. பிறகு தூளுக்குள் தலையை நுழைத்து, கண்ணாடியோரமாகவே குடைந்துகொண்டு போனது. நாலு பேரும் தரையில் கவிழ்ந்து படுத்துப் பார்த்தார்கள்.

செபோம் போனை எடுத்துச் சித்திக்குப் படம் காட்டினாள். "பாத்தீங்களா சித்தி? உரி அப்பா செஞ்சது!"

இந்த 'அப்பா'வை நான் தமிழ்ப்படுத்தவில்லை. அங்கேயும் அப்பா அப்பாதான்.

சொன்னவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். தொக்சூ கையில் பிடித்த சுத்தியலோடு அப்படியே படுத்துக் கிடந்தார். கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. கும்பிடத் தெரிந்த சாமியையெல்லாம் மனசுக்குள் கும்பிட்டார், மூக்குப் புண்ணான அந்தச் சின்ன உயிரையும் சேர்த்து.

போங்கு அவர் காதோரம் கிசுகிசுத்தான். "எந்த உரி அண்ணே? கூண்டு, அப்பா செஞ்சதுன்னாளா? இல்ல, எங்க அப்பா செஞ்சதுன்னாளா?"

"எதா இருந்தா உனக்கென்னடா?" என்றார் தொக்சூ, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எழுந்திரு. அந்த ஜின்செங் ஜாடியத் திற."