வெள்ளைப் பாம்புகளுக்குச் சம்பந்தம்

இப்போது ஆட்கள் எதை வாங்கினாலும் வெளி அழகைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் பிளாசாவில் ஒருத்தி சப்பை மூக்கு நாயொன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள். அது இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. அவளுக்கு அது வடிவாம். அந்த நாயைக் காணும்போதெல்லாம் எனக்கு அல்பேட்டின் பாம்புகள் ஞாபகம் வரும்.

தொண்ணூற்றிரண்டில் அல்பேட்டும் நானும் ஸ்காபரோவில் யோகராணி வீட்டு பேஸ்மென்டில் இருந்தோம். இருவருக்கும் ஒரே ஃபக்டரியில் வேலை. அவன் நஞ்சில்லாத வெள்ளைப் பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்த்துக் குட்டி விற்றான். எங்கள் சாரையின் உருவம், பால் நிறம், நீலக் கண். பனிக்காலத்தில் அந்த வீட்டிலேயே சூடான இடம், பாம்புகளுக்காகச் சூட்டு விளக்கு எரிந்த அந்தப் பெட்டிகளின் பக்கம்தான். வேலையால் வந்து, முதுகை அவற்றுக்குக் கொடுத்துக்கொண்டு, சீனி கூடிய தேத்தண்ணியோடு காட்ஸ் விளையாடுவோம். அல்பேட் களவு விளையாடுவான். பிடித்தால், "பாம்பு காட்டித் தந்தது அண்ணை" என்பான். அப்படி நான் பிறகு சிரித்ததில்லை.

அந்தப் பாம்புகளுக்கு ஒரு கோளாறு இருந்தது. குட்டிகளில் சிலவற்றுக்குக் கண் பிதுங்கியிருக்கும். அப்படி ஒரு பெட்டை இருந்தாள். பாம்புக்கு இமை இல்லை. தோல் கழற்றும்போது கண்ணின் மேல்தோலும் சேர்ந்து கழல வேண்டும். இவளுக்கு ஒட்டிக்கொண்டுவிடும். ஈரத் துவாயில் சுற்றி வைத்து நான்தான் மெல்ல எடுத்துவிடுவேன். என் மணிக்கட்டில் சுருண்டு கிடப்பாள். பிறகும் கண் பெட்டியில் உரசிச் சிவக்கும்.

அவளை அவளுடைய சகோதரனோடு சேர்க்கப்போவதாக அல்பேட் சொன்னான்.

"பிறக்கிறதுகளுக்கும் கண் பிதுங்குமடா" என்றேன்.

"எல்லாத்துக்கும் இல்லை அண்ணை. வெளி ரத்தம் கலந்தா வெள்ளை போயிடும். பேரப்பிள்ளையிலைதான் திரும்பி வரும்."

"வரட்டும். பொறுத்திரன்."

"அதுவரைக்கும் மண்ணிறப் பாம்பை ஆர் வாங்குறது?"

மேலே இருந்த யோகராணிக்கு முதலில் பாம்பென்றால் பயம். வெள்ளை என்று கண்டதும் அது பக்தியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பூவும் பாலும் கொண்டு இறங்கி வருவாள். அன்றைக்குப் பாம்புக்கு எலி போடக்கூடாது. பாம்பு தொடாத பாலை அல்பேட் தேத்தண்ணிக்கு எடுத்துக்கொள்வான். அவன் வேதக்காரன். ஆனால் அந்தப் பாலுக்காகக் கைகட்டி நிற்பான்.

சோடி சேர்க்கிற கதை கேட்டதும் அவள், "என்ன முறை?" என்றாள்.

"மச்சான், மச்சாள் அக்கா. தாய்மாமன்ரை மகள்" என்றான் அல்பேட்.

"சொந்தத்துக்குள்ளை எண்டால் நல்லதுதானே."

தையில் நாளும் பார்த்துவிட்டாள். அன்று இரண்டு பெட்டிகளையும் சேர்த்துக் கட்ட மஞ்சள் நூலோடு வந்தாள். என் கையில் ஈரத் துவாய்க்குள் பெட்டை. ஒரு கண் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்திருந்தது.

"பிள்ளை, கட்டாதை. ரண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள்" என்றேன்.

நூல் அவள் விரலிலேயே நின்றது. "என்ன அண்ணை சொல்லுறியள்?"

"அண்ணனும் தங்கச்சியும். உந்தக் கண்ணைப் பார்."

யோகராணி பாம்பின் கண்ணைப் பார்க்கவில்லை. அல்பேட்டைப் பார்த்தாள்.

"அக்கா, பாம்புக்கு ஏது முறை?" என்றான் அவன்.

"அப்ப ஏனடா மச்சாள் எண்டனி? என்ரை வீட்டுக்குள்ளை உது நடவாது."

அல்பேட் விட்பிக்கு வீடு மாறினான். பெட்டிகளைக் கட்டும்போது, "அவளையாவது விட்டிட்டுப் போ" என்று கேட்டேன்.

"அவளை விட்டிட்டு அங்கை நான் என்னத்தைச் செய்யிறது? நீங்கள்தானே அண்ணை கலைச்சுவிட்டனீங்கள்." துவாயையும் சேர்த்துக் கொண்டுபோனான். அந்தப் பனிக்காலத்தில் பேஸ்மென்ட் முழுக்கக் குளிர். காட்ஸ் கட்டு யன்னலில் கிடந்தது.

போன வருசம் மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில் பாம்பு விற்பனை என்று கேள்விப்பட்டுப் போனேன். அல்பேட் மேசை போட்டிருந்தான். ஓடி வந்து கையைப் பிடித்தான். ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி வார்த்தான். அதே சீனி.

"அவள் எங்கை?" என்றேன்.

"எவள்?" யோசித்தான். "ஓ, அவளோ. செத்துப்போனாள் அண்ணை. கன முட்டை போட்டவள். எல்லாம் வெள்ளை."

"கண்?"

பெட்டி மூடியைச் சரிசெய்தான். "சிலதுக்கு. ஆனா இப்ப வெளி ரத்தம் கலந்துதான் செய்யிறன். இஞ்சை பாருங்கோ."

ஒன்றை எடுத்து என் கையில் விட்டான். பால் நிறம். கண் பிதுங்காமல் அளவாக இருந்தது. மணிக்கட்டில் அவளைப் போலவே சுருண்டது. எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"உங்களுக்குத்தான் அண்ணை. சும்மா கொண்டு போங்கோ."

"இதோடை பிறந்த மிச்சத்தைக் காட்டு. அதுகளின்ரை கண்ணையும் பாப்பம்."

"அதெல்லாம் வித்துப்போச்சு."

"ஆருக்கு?"

"ஆரெண்டு தெரியும்? நான் சொன்னா நம்பமாட்டியளே?"

பாம்பை மெல்லக் கழற்றிப் பெட்டிக்குள் விட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"ஒருநாளைக்கு விட்பிக்கு வாங்கோ, காட்ஸ் விளையாடுவம்" என்றான்.

"மிச்சக் குட்டியளைக் காட்டு, வாறன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.