அறுபத்தொன்றாம் நிமிடத்து கோல்

பெர்சிஸ் கடைசி விசிலை ஊதியபோது துறைமுகத் தொழிலாளர் அணி ராணுவப் படையணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றிருந்தது. நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுத்து, கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் ஊதினாள். மார்ச் மாத வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் வரிசையில் வந்து கைகுலுக்கத் தொடங்கியபோது ஒலிபெருக்கி கரகரத்தது.

"இரண்டுக்குப் பூஜ்யம். ஒற்றுமைக் கோப்பையை வென்றது நமது படையணி."

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். கோல் கணக்குப் பலகை அருகே ஒரு சிப்பாய் ஏணியில் ஏறி, துறைமுக அணிக்கு நேராகத் தொங்கிய ஒன்றாம் எண் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூஜ்யத்தை மாட்டினான். பிறகு ஏணியை நகர்த்திப் போட்டுப் படையணிக்கு இரண்டை மாட்டினான்.

மைதானத்தைச் சுற்றி மூவாயிரம் பேர் இருந்தார்கள். காலையிலேயே லாரிகளில் ஏற்றிவரப்பட்ட அரசு ஊழியர்கள், கையில் காகிதக் கொடியோடு. ஒன்றரை மணி நேரம் கண்ணால் பார்த்த ஆட்டம். யாராவது ஒருவர் கூச்சலிடுவார் என்று அவள் காத்திருந்தாள். முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பெர்சிஸுக்கு முப்பத்து நான்கு வயது. யாங்கோனின் துறைமுகப் பகுதியான போட்டாதாங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை. ஒன்பது வருடமாக சனி ஞாயிறுகளில் நடுவர். ஒருமுறை தன் சொந்த மாதா கோவில் அணிக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் பெனால்டி கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு பூசையில் அவளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மக்தலேனா மட்டும், "நீ பாத்தத நீ ஊதுன, அம்புட்டுதான்" என்றாள். அப்படிப்பட்டவள் என்று யாங்கோனில் பந்து ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

நடுவர்களுக்கான அறையில் மின்விசிறி ஓடவில்லை; மின்சாரம் இல்லை. மேசையில் குளிர்பானப் புட்டிகள் வைத்திருந்தார்கள். போட்டியை நடத்திய மேஜர் எழுந்து நின்று அவளை வரவேற்றார். நரை விழத் தொடங்கிய, மென்மையாகப் பேசுகிற மனிதர்.

"உட்காருங்கள், சயாமா. நல்ல ஆட்டம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்றார் பர்மிய மொழியில். ஆசிரியையை அழைக்கிற அந்த மரியாதைச் சொல்லை அவர் இழுத்து, பணிவாகச் சொன்னார்.

ஆட்ட அறிக்கை டைப் அடித்துத் தயாராக இருந்தது. படையணி இரண்டு, துறைமுகம் பூஜ்யம். கோல்கள்: அறுபத்தொன்றாவது நிமிடம், எண்பத்து மூன்றாவது நிமிடம். அடித்தவர்களின் பெயர்கள். அவளுடைய துணை நடுவர்கள் இருவரும் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்கள். ரமேஷ்குமாரின் கையெழுத்தை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பாள். ஆறு வருடமாக அவளுக்குக் கொடி பிடிக்கிறவன். அவன் சன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாளின் மேல்மூலையில் தேதி இருந்தது. வெள்ளிக்கிழமை. அன்று ஞாயிறு.

"அறுபத்தொன்றாவது நிமிடத்தில் யாரும் ஆடவே இல்லை" என்றாள். "வெயிலுக்காக நான்தான் ஆட்டத்தை நிறுத்தினேன். இருபத்திரண்டு பேரும் கோட்டோரம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்."

மேஜர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே அக்கறையோடு யோசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அப்படியா? நல்லவேளை சொன்னீர்கள். அறுபத்து நான்கு என்று மாற்றிவிடலாமா?"

அவர் கேலி செய்யவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். பெர்சிஸ் தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம், போஜி" என்று பட்டாள அதிகாரியை அழைக்கிற சொல்லாலேயே அழைத்தாள். "முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒன்பதாம் எண். நான் இதில் கையெழுத்துப் போட முடியாது."

அவர் பேனாவை மூடினார். "யோசியுங்கள். விருந்தினர்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை நேரம் இருக்கிறது." வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"கையெழுத்தப் போட்டுரு, அக்கா" என்றான் ரமேஷ்குமார், சன்னலைப் பார்த்தபடியே.

"நீ பாக்கலயா? ஷாஹுல் அடிச்ச கோல நீ பாக்கலயா?"

"பாத்தேன்."

"அப்பறம் எப்புடிடா போட்ட?"

அவன் பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. துறைமுக அணியின் கேப்டன் ஷாஹுல், ஒன்பதாம் எண் சட்டையோடு அப்படியே வந்து நின்றான். முழங்காலில் புழுதி. மூட்டை தூக்கித் தூக்கி அகன்ற தோள். நியாயம் கேட்க வந்திருக்கிறான் என்று பெர்சிஸ் நினைத்தாள். தனக்கு ஒரு துணை கிடைத்தது என்று நெஞ்சு லேசானது.

"தம்பி, பயப்படாத. நான் மாத்தி எழுத மாட்டேன்" என்றாள்.

"அக்கா, மாத்தி எழுதுங்கக்கா" என்றான் ஷாஹுல்.

அவளுக்குப் புரியவில்லை.

"எங்க டீம்ல ஏழு பேரு பேரு பட்டியல்ல இருக்கு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்குற பட்டியல். நாளைக்குக் குலுக்கல். தோத்துட்டா ஏழு சீட்டும் டப்பாவுக்குள்ள போகாதுன்னு வெள்ளிக்கெழமயே சொல்லிட்டாங்க. நாங்களும் சரின்னுட்டோம்."

"தோக்குறதுக்கா ஒத்துக்கிட்டீங்க?"

"ஆமா."

"அப்பறம் ஏன்டா கோல் அடிச்ச?"

ஷாஹுல் தலையைக் குனிந்தான். பெரிய ஆள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் போல நின்றான்.

"மறந்துட்டேன்க்கா. நம்ம கீப்பர் அமீர் அலி தூக்கி அடிச்ச பந்து நேரா காலுக்கு வந்துச்சு. முன்னால அவனுவ கோல்கீப்பர் மட்டும் நிக்கிறான். அந்த நேரத்துல ஒண்ணுமே நெனப்பு வரல. வலைக்குள்ள போனப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. நம்ம ஆளுங்க யாரும் ஓடிவந்து கட்டிப்புடிக்கல, பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். வெயில் களைப்பு என்று நினைத்திருந்தாள்.

"ரெண்டாவது பாதியில எவ்வளவோ விட்டுக்குடுத்துப் பாத்தோம். அமீர் அலி வேணும்னே எதிர்ப்பக்கம் பாஞ்சான். அவனுவ போஸ்ட்ல அடிக்கிறானுவ. ஒண்ணு உள்ள போச்சு, அதயும் நீங்க ஆஃப்சைடுன்னுட்டீங்க."

அது எண்பதாவது நிமிடம். கொடியை உயர்த்தியது ரமேஷ்குமார். பெர்சிஸ் அவனைப் பார்த்தாள்.

"எனக்கும் சொல்லியிருந்தாங்க" என்றான் அவன். "ஆனா அவன் ரெண்டு அடி முன்னால நின்னான்க்கா. கை தானா தூக்கிருச்சு."

"யார் யாருக்குத் தெரியும்?"

ரமேஷ்குமார் மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கேக்குறேன்ல. மைதானத்துல யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்" என்றான் ஷாஹுல். "அவுங்க டீமுக்கும் தெரியும். ஒங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது. ஒங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு மேஜர். அந்தம்மா நேர்மையா ஊதும், அது ஊதுனா ஊரு நம்பும், அது போதும்ன்னாரு."

பெர்சிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தப் பந்தயத்துக்குத் தன் பெயரைக் கேட்டு வாங்கினார்கள் என்று கால்பந்து சங்கத்தில் சொன்னபோது அம்மாவிடம் எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது வருடம் அவள் சேர்த்து வைத்திருந்தது எதுவோ, அதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தொண்ணூற்று நான்கு நிமிடம் வேர்க்க விறுவிறுக்க ஓடி, ஒவ்வொரு தொடுதலுக்கும் ஊதி, மூன்று பேருக்கு மஞ்சள் அட்டை காட்டியிருந்தாள். அத்தனை பேரும் அவளைப் பார்த்துத் தலையாட்டியிருந்தார்கள்.

"ஏழு பேருல யாரு யாருடா?"

அவன் பெயர்களைச் சொன்னான். அமீர் அலி. இரண்டு தடுப்பாட்டக்காரர்கள், அண்ணன் தம்பி. கடைசியாகத் தன் பெயரை மெதுவாகச் சொன்னான்.

மேஜர் திரும்பி வந்தபோது அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அறுபத்தொன்று என்பதை அவர் அறுபத்து நான்கு என்று திருத்தியிருக்கவில்லை, மறந்திருந்தார். அவளும் நினைவூட்டவில்லை. கையெழுத்து அவளுடையது போலவே விழுந்தது. அதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

"நன்றி, சயாமா" என்று இரண்டு கைகளாலும் தாளை வாங்கிக்கொண்டார். "குளிர்பானம் குடிக்கவே இல்லையே."

மறுநாள் குலுக்கலில் அந்த ஏழு சீட்டுகளும் வரவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் அடுத்த மாதக் குலுக்கலில் ஷாஹுலின் சீட்டு முதலில் வந்தது. அவனைத் தேடி வார்டு நிர்வாகத்தின் ஆட்கள் போனபோது வீட்டில் யாரும் இல்லை. அவன் முந்தின வாரமே தாய்லாந்து எல்லைக்கு பஸ் ஏறியிருந்தான். துறைமுக அணி கலைந்தது. மிச்சமிருந்தவர்கள் படகுத்துறையில் அவளைப் பார்த்தால் சிரித்துத் தலையசைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மே மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. "பாரபட்சமற்ற பணியைப் பாராட்டி" அவளுக்கு முதல் நிலை நடுவராகப் பதவி உயர்வு. அடுத்த பருவத்தின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் அவளுக்கு.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள். காரணம் சொல்லாமல் விலகினால் கேள்வி வரும், உண்மையைச் சொன்னால் அதைவிட மோசமானது வரும் என்று தெரியும். முழங்கால் போய்விட்டது, இனி ஓட முடியாது என்றாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "எந்தக் கால்?"

அவள் யோசித்திருக்கவில்லை. "இடது" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார்.

அந்த அலுவலகம் அவள் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தினமும் காலையில் தெருமுனை தேநீர்க் கடையைத் தாண்டியதும் இடது காலைச் சற்று இழுத்து நடக்கத் தொடங்குவாள். வங்கி தாண்டிய பிறகு நேராக நடப்பாள். பிறகு, வங்கி வரையில் என்று இருந்தது படகுத்துறை வரையில் ஆனது; அங்கேயும் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மழைக்காலம் தொடங்கியபோது மக்தலேனா ஒருநாள் தைலப் புட்டியோடு வந்து மகளின் காலடியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குள்ளயும் நொண்டுறியேம்மா. ரொம்ப வலிக்குதா?"

பெர்சிஸ் குனிந்து தன் காலைப் பார்த்தாள். வீட்டுக்குள்ளும் நொண்டுகிறாள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.