நாற்பத்திரண்டு, மேற்படி

“நடந்து பாக்கலீங்களாம்மா?” என்று மேஸ்திரி கேட்டது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெயிலில், நாற்பத்தோராவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், அவள் வார் அறுந்த செருப்பை ஒரு கையிலும் சர்வே அட்டையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தபோது... அதற்கு அவள் என்ன சொன்னாள், பாத்துட்டேண்ணே என்றாளா, பாத்துக்கலாம்ண்ணே என்றாளா, எத்தனை தரம் யோசித்தும் பிடிபடவில்லை, சொன்ன வாய் மறந்துவிட்டது, கேட்ட குரல் மட்டும் மறக்கவில்லை. மேஸ்திரி கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நின்றதும் மறக்கவில்லை. ரப்பர் செருப்பு இரண்டையும் கழற்றித் தனக்கு முன்னால் விட்டிருந்தார், மரியாதைக்குக் கழற்றுகிறார் போலிருக்கிறது என்று கூச்சப்பட்டு அவள் சட்டென்று ஏறி உட்கார்ந்தாள், ஜீப் டிரைவர், விடுங்க மேடம், இனிமே எல்லாம் ஒரே மாதிரி ரோடுதான், என்றான், வண்டி கிளம்பியது. இப்போது அந்த மேஸ்திரி அவளுக்குப் பின்னால், வகுப்பறையின் கடைசி வரிசையில், முட்டி மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பார்க்கக் கூடாது, முன்னால் பார், சுவரைப் பார், மணி மூன்று இருபது, இன்னும் இரண்டு பேர் பேசி முடித்தால் அவள் முறை. ஏசியிலிருந்து வாளியில் ஒரு சொட்டு. அதற்கு நேர் மேலே கூரையில் ஓர் ஈரத் திட்டு, காலையில் உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது தட்டு அளவு, யாரும் அண்ணாந்து பார்ப்பதாகத் தெரியவில்லை.

வேலையிலிருக்கிற பொறியாளர்களுக்கான முதுகலைப் பயிற்சி, சாலைப் பராமரிப்பும் வலையமைப்பு மேலாண்மையும், ஒரு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், இன்றோடு முடிகிறது. பாடம் எடுப்பவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், பின்னால் எல்லோரும் குட்டி வாத்தியார் என்பார்கள், முன்னால் சார். முதல் நாளே சொன்னார், ஒரு ரோட்டைப் பாக்கறவன் மேஸ்திரி, ஆயிரம் ரோட்டை ஒண்ணா பாக்கறவன்தான் இன்ஜினியர். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், அவளும் எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மதிப்பெண், ஒன்று என்றால் நல்ல சாலை, ஐந்து என்றால் செத்த சாலை, அதை மென்பொருளுக்குக் கொடுத்தால் சுவரில் படம் விரியும், பச்சை, மஞ்சள், சிவப்பு, எங்கே எப்போது கை வைக்க வேண்டும் என்று ஐந்து வருஷத்துக்கு அதுவே பட்டியல் போட்டுத் தரும். பச்சைக்கு ஐந்து வருஷம் யாரும் போக வேண்டாம். அவரவர் பிரிவுச் சாலையை அவரவர் கொண்டுவர வேண்டும் என்றபோதுதான் அவளுக்கு அந்தப் பழைய சர்வே அட்டை ஞாபகம் வந்தது. நாற்பத்தொன்றை அவள் நடந்தாள், கல்லிலிருந்து கல்வரைக்கும், விரிசலைக் குனிந்து அளந்து இரண்டு என்று எழுதினாள். நாற்பத்திரண்டுக்கு ஜீப்பில் உட்கார்ந்து மேற்படி என்று எழுதினாள். நாற்பத்துமூன்று, மேற்படி. நாற்பத்துநான்கு, மேற்படி. ஆபீஸில் யார்தான் எழுதவில்லை, பேனாவுக்கு வலிக்காத வார்த்தை அது. தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு மேற்படியை என்ன செய்வதென்று தெரியவில்லை, கட்டத்தில் எண்தான் ஏறும், மேலே இருந்த இரண்டை மவுஸால் பிடித்துக் கீழே மூன்று கட்டம் இழுத்துவிட்டாள். இரண்டு, இரண்டு, இரண்டு. வார்த்தையாக இருந்தவரைக்கும் அதில் ஒரு வெட்கம் இருந்தது, பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகமாவது வரும், எண்ணானதும் வெட்கம் போய்விட்டது. அப்புறம் நிறமானது. எவ்வளவு அழகான பச்சை.

மதியம் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து பெஞ்சுக்காரருக்கு ஜல்லி என்று பேர் வைத்திருக்கிறார்கள், வேலையும் ஜல்லி, பேச்சும் ஜல்லி, கொட்ட ஆரம்பித்தால் லாரி காலியாகிறவரைக்கும் நிற்காது. சாப்பிடலீங்களா மேடம், என்றார். பசிக்கல, என்றாள். அட, நான் கேட்டது வாங்க சாப்பிடலாம்னு, நீங்க என்னமோ போலீஸ் ஸ்டேஷன்ல பதில் சொல்ற மாதிரி சொல்றீங்க, என்று தன் டப்பாவை இவள் பக்கம் நகர்த்தினார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். அப்போதுதான் வாசலில் மேஸ்திரியைப் பார்த்தாள். கடைசி நாளில் ஒவ்வொரு சாலையிலிருந்தும் ஒரு களப் பணியாளர் வந்து உட்கார வேண்டுமாம், குட்டி வாத்தியாரின் ஏற்பாடு, கடிதம் பிரிவுக்குப் போயிருக்கிறது, பிரிவில் இவரைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சிவப்புக் கொடியைக் கம்போடு சுருட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உள்ளே கொண்டுவரலாமா என்று காவலாளியிடம் கேட்டு, கடைசியில் கதவு மூலையில் குடைகளோடு குடையாகச் சாய்த்து வைத்தார். வாங்கண்ணே, என்றாள். வந்தேம்மா, என்றார். காட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள்... வேறு எதற்கு வருவார், முப்பது வருஷம் ஒரே ரோட்டில் குனிந்து நிமிர்ந்த மனிதர் இந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வேறு எதற்கு வருவார்?

போன மாதம் போன் பண்ணியிருந்தார். அம்மா, நாப்பத்திரெண்டுல சிறுபாலத்துக்கு மேல தார் மூச்சு விடுதும்மா. என்னண்ணே சொல்றீங்க, என்றாள், புரியாத மாதிரி. லாரி ஏறினா அமுங்குது, எறங்கினா எழும்புது, கைய வச்சுப் பாத்தேன், கீழ மண்ணு இல்லம்மா, தண்ணி உருவிட்டுப் போயிருச்சு, மேல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கு. ஆபீஸ்ல எழுதிக் குடுங்கண்ணே. குடுத்தேன், கம்ப்யூட்டர்ல பச்சையா இருக்கே, உனக்கு என்னய்யா தெரியும்னுட்டாங்க. காகிதம் இல்லாம நான் ரோட்டை மறிக்க முடியாதும்மா, மறிச்சா என்னைத்தான் தூக்கி உள்ள வைப்பாங்க. சரிண்ணே, நான் பாக்கறேன், என்றாள். எதைப் பார்த்தாள்? அன்று ராத்திரி படுக்கையில் கூரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். மேட்டுச் சாலை அது, இரண்டு பக்கமும் மூன்று ஆள் பள்ளம். பள்ளிக்கூட பஸ் அந்த இடத்தை ஐந்தே காலுக்குக் கடக்கும், சர்வே போன நாட்களில் நிறுத்தி வழிவிட்டிருக்கிறாள், ஜன்னலெல்லாம் கை ஆட்டும். அந்த பஸ்ஸில் அவள் மகள் வருவதில்லை. வந்திருந்தால்? வந்திருந்தால் அன்றைக்கே வெறுங்காலோடு நடந்திருப்பாள், உள்ளங்கால் வெந்தாலும் நடந்திருப்பாள்... இந்த நினைப்பைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வாள், எத்தனை நாளாக. நேற்று போனில் வீட்டுக்காரர் சொன்னார், நாளைக்கு ஒரு நாளாச்சும் வாயைத் திறந்து பேசு, எப்பவும் போல முழுங்காதே. இதில் தேறினால் பதவி உயர்வு, சொந்த ஊருக்கு மாற்றல், ஒரு வருஷமாகப் போனில் மட்டும் வளர்ந்த மகள் பக்கத்தில் படுப்பாள். மகள் போனைப் பிடுங்கி, அம்மா, நீ வரும்போது நான் உன் தோளுக்கு இருப்பேன், என்றாள். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நாற்பத்திரண்டு மட்டுமா போகும், இவள் எழுதின எண்பது கிலோமீட்டரும் போகும், இவள் ஒருத்தியோடா நிற்கும், இந்த அறையில் மேற்படி எழுதாத கை எது, எல்லோர் பச்சையும் வெளுத்துவிடும், எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள், அத்தனை கண்ணும்.

அடுத்தது நம்ம மேடம், என்றார் குட்டி வாத்தியார். மணி நான்கு ஆறு. எழுந்தாள், முன் வரிசையில் தலைமைப் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், அவர் கையெழுத்துப் போட்டால் இன்று சுவரில் இருக்கிறது நாளைக்கு உத்தரவு. சொட்டு. அவள் பேசினாள், போக்குவரத்து, மேற்பரப்பு, வடிகால், மனப்பாடம் செய்தது தானாக வந்தது, நாக்கு வேறு யாருடையதோ போல ஓடியது, சுவரில் அவள் சாலை ஒரு கொடி மாதிரி ஏறிப் போனது, அங்கங்கே மஞ்சள், ஓரிடத்தில் சிவப்பு, நடுவில் கொழுத்த பச்சை. தலைமைப் பொறியாளர் பேனாவால் அங்கேயே சுட்டினார். “நாலு கிலோமீட்டர் ஒரே மாதிரி வருதே. நேர்ல பாத்து எடுத்ததாம்மா?” இதோ. இதுதான். வாயைத் திறந்தாள், வார்த்தை தொண்டைக்கு வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது, அதற்குள் குட்டி வாத்தியார் பெருமையோடு, மேடம் நடந்தே எடுத்த சர்வே சார், எங்க பேட்ச்லயே ரொம்ப சுத்தமான டேட்டா, என்றார். அப்படியா, என்று தலைமைப் பொறியாளர் அவள் முகத்தைப் பார்த்தார். தலை ஆடியது. அவள் ஆட்டவில்லை, அது ஆடியது. நல்லது, என்று எழுதிக்கொண்டார். பின் வரிசையைப் பார்த்து, பெரியவரே, உங்க ரோடுதானே, ஏதாவது சொல்றீங்களா, என்றார். நாற்காலி கிறீச்சென்றது. மேஸ்திரி எழுந்து நின்றார், சுவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், சொட்டு, சொட்டு, மூன்றாவது சொட்டு விழுகிறவரைக்கும் பார்த்தார், கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள், அது கோபம் இல்லை. “சொல்றதுக்கு மேடம் இருக்காங்கய்யா,” என்றார். உட்கார்ந்தார். யாரோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜல்லி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காட்டிக்கொடுக்கவில்லையே... ஏன்? வாய்ப்பு கையில் வந்து விழுந்ததே, ஒரு வார்த்தை போதுமே. மேற்படி என்று ஒரே ஒரு வார்த்தை. வெளியே வெளிச்சம் சட்டென்று இறங்கியது, ஜன்னலில் முதல் தூறல் சாய்வாக விழுந்தது, கூரைத் திட்டின் நடுவில் சுண்ணாம்பு லேசாகத் தொங்குகிற மாதிரி இருந்தது, மேலே பூசினது நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளேதான். அடுத்தவர் பேச எழுந்தார். ஜல்லி காதோரம் குனிந்து, அசத்திட்டீங்க மேடம், இப்பவாச்சும் டீ சாப்பிடலீங்களா, என்று தன் கோப்பையை இவள் பக்கம் தள்ளினார். சாப்பிடலீங்களா. அவள் கோப்பையைப் பார்த்தாள். சாப்பிடவில்லையா என்று கேட்கவில்லை அவர், வாங்க சாப்பிடலாம் என்கிறார், தன் பங்கை நகர்த்திவைத்துக் கேட்கிறார்... நடந்து பாக்கலீங்களாம்மா. ரப்பர் செருப்பு இரண்டும் மேஸ்திரிக்கு முன்னால் கிடந்தன, இல்லை, முன்னால் இல்லை, அவள் பக்கமாகத் தள்ளிக் கிடந்தன, குதிகால் அவளை நோக்கித் திருப்பி, கால் நுழைக்கத் தோதாக. தாரில் அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். போட்டுக்கிட்டு வாங்க என்றுதானே... இரண்டு வருஷமாகக் குற்றச்சாட்டு என்று நினைத்துப் பதில் தேடிக்கொண்டிருந்தாள், அது கூப்பிட்ட குரலா? இன்றைக்கும் அதையேதான் கேட்க வந்தாரா?

திரும்பினாள். இந்தத் தடவை திரும்பிவிட்டாள். கடைசி வரிசையில் நாற்காலி மட்டும் இருந்தது. மேஸ்திரி கதவு மூலையில் குனிந்து, குடைகளுக்கு நடுவிலிருந்து தன் கம்பை எடுத்துக்கொண்டிருந்தார், பிளாஸ்டிக் தாளை உருவி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், கொடியின் சிவப்பு ஒரு முழம் அவிழ்ந்து தொங்கியது. காகிதம் இல்லாமல் மறிக்க முடியாது, மறித்தால் அவரைத்தான் உள்ளே வைப்பார்கள். மணி நான்கு பதினேழு, டவுன் பஸ் பிடித்தால் அரை மணி, அங்கிருந்து கல்லுக்கு நடை, பள்ளிக்கூட பஸ் வருகிற ஐந்தே காலுக்குள் போய்விடலாம். அண்ணே, என்று கூப்பிட அவள் வாய் திறந்தது, முன்னால் பேசுகிறவரின் பச்சை சுவரில் விரிந்தது, வாளியில் சொட்டுகள் இப்போது இடைவெளி இல்லாமல் விழுந்தன. மேஸ்திரி ஒரு தரம் அவளைப் பார்த்தார், பிறகு அவள் காலைப் பார்த்தார், வார் இல்லாத, அறுந்துபோகாத, புது ஷூ. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி மழைக்குள் இறங்கினார்.