மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டர்

ஊசிக்கிணற்றுத் தெரு நெசவாளர் குடியிருப்போர் சங்க அறையில் அன்று பிற்பகல் இரண்டேகால் மணிக்கு இருந்தவர்கள் ஆறு பேர். தலைவர் பஞ்சாட்சரம் மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே. அவர் மனைவி ஏலவார்குழலி ஜன்னலோர நாற்காலியில், மடியில் அவரைக்காய் முறத்தோடு. சேலை நெய்து, டிசைனும் போடும் தேவேந்திரன், கவிழ்த்துப் போட்ட நூல் பெட்டியின் மேல். குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மாணிக்கவேல் வாசலையொட்டிய பெஞ்சில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. அதே பெஞ்சின் மறு ஓரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் பிரவீனா. சங்கச் செயலாளராகிய நான், சங்கரி, மேசையின் பக்கவாட்டில், எழுதாத வெள்ளைத்தாள் எட்டோடு.

கூட்டத்தின் காரணம் பிரவீனாவுக்கு வந்திருந்த நோட்டீஸ். ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தராவிட்டால், அல்லது தந்த விளக்கம் ஏற்கும்படி இல்லாவிட்டால், வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று அதில் இருந்தது. அன்று ஆறாவது நாள்.

பிரவீனா ஓரிக்கையிலிருந்து வருகிறவள். நான்கு வருடமாக எங்கள் தெருவின் குப்பை அவள் பொறுப்பு. அவள் வருவதற்கு முன்பு எங்கள் தெருமுனை எப்படி இருந்தது என்பதை எழுதினால் தாள் நாறும்.

"இன்னொரு தடவை படிம்மா, இன்னா தப்புன்னு போட்டிருக்குறாங்க?" என்றார் பஞ்சாட்சரம்.

படித்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்தில் முப்பத்தெட்டு நாட்களில் மேற்படி பணியாளர் மூன்றாம் எண் வீட்டிலிருந்து ஐம்பத்தொன்பதாம் எண் வீட்டுக்கு நான்கு விநாடியில் சென்றுள்ளார். இரண்டுக்கும் இடையே தூரம் முந்நூறு மீட்டர். வேகம் மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீட்டர். ஆகவே அவர் தெருவுக்கே வராமல், கியூஆர் அட்டைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தபடியே ஸ்கேன் செய்ததாகக் கருதப்படுகிறது.

"இருநூத்தி எழுபது," என்றான் தேவேந்திரன். "பிரவீனாக்கா, பேட்டரி வண்டிக்குள்ள இன்னாக்கா வச்சிருக்கிற?"

"சிரிக்காத தம்பி. அந்தப் பலகைய செஞ்சவனே நீதான்," என்றாள் பிரவீனா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பலகை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் நிறுவனத்தார் அறுபத்திரண்டு வீட்டுக் கதவிலும் ஒவ்வொரு கியூஆர் அட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். குப்பையை வாங்கியதும் பிரவீனா தன் போனில் உள்ள நிறுவனச் செயலியால் அந்த அட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும். எந்த வீட்டில், எத்தனை மணிக்கு வாங்கினாள் என்பது சென்னையில் உள்ள அலுவலகத்துக்கு உடனே தெரியும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை பாவு நீட்டியிருக்கும். சேலையின் நீளவாக்கு இழைகள்தான் பாவு. அதைத் தெரு நெடுகக் கம்பு நட்டு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை பிரித்துக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் வண்டி உள்ளே வர முடியாது. ஆள்கூடக் குனிந்துதான் கடக்க வேண்டும். அதனால் வீட்டுக்காரர்களே வாளியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்து வண்டியில் கொட்டுவோம். பிரவீனாவோ போனைப் பிடித்துக்கொண்டு அறுபத்திரண்டு கதவுக்கும் பாவுக்குக் கீழே குனிந்து குனிந்து போய்வந்தாள். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் அவள் தோள் பட்டு எழுபது இழை அறுந்தது.

உடனே தெருவே கூடி ஒரு யோசனை செய்தது. கதவிலிருந்த அட்டைகளை ஹேர் டிரையர் வைத்துச் சூடுகாட்டி, கிழியாமல் உரித்து, ஒரே பலகையில் ஒட்டிச் சங்க அறையின் வெளிச்சுவரில் மாட்டிவிட்டோம். ஒட்டியவன் தேவேந்திரன். வீட்டு எண் வரிசையில் ஒட்டியிருந்தால் அவன் தேவேந்திரன் இல்லை. கட்டத்தாளில் புள்ளி வைத்துச் சேலைக்கரை வரைகிற கை அது. அறுபத்திரண்டு சதுரத்தையும் படிப்படியாகக் குறுக்கி, உச்சியில் இரண்டு வைத்து, கோபுரக்கரை போல் அமைத்துவிட்டான். பார்க்க அழகுதான். மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஐம்பத்தொன்பது வந்து உட்கார்ந்துகொண்டது.

எல்லாரும் கொட்டி முடித்ததும் பிரவீனா கையைக் கழுவிவிட்டு, கோபுரத்தைக் கீழிருந்து மேலாக வரிசையாக ஸ்கேன் செய்வாள். பாவு இல்லாத நாளில் பலகையை வண்டியின் பக்கத்தில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டு அட்டையை அங்கேயே ஸ்கேன் செய்வாள். செயலியோ ஒவ்வொரு அட்டையும் முதலில் ஒட்டிய கதவிலேயே இருப்பதாகக் கணக்கு வைத்திருந்தது.

"செயலியிலயே பதில் போடலாமில்ல?" என்றார் பஞ்சாட்சரம்.

மாணிக்கவேல் தன் போனைத் திறந்து காட்டினார். "பாருங்க தலைவரே. பதில் மூணுதான் கொடுத்திருக்குறான். போன் ரிப்பேர், விடுப்பு, தவறை ஒப்புக்கொள்கிறேன். இதுல எதைத் தொடுறது? பாவு நீட்டியிருந்தாங்கன்னு ஒண்ணு இல்லியே."

"நீங்கதான் சொல்லக்கூடாதா, மேற்பார்வைன்னு பேரு வச்சிக்கினு?" என்று கேட்டாள் ஏலவார்குழலி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொன்னேம்மா. போன்ல சொன்னா அவங்களுக்குப் பதியாது. பட்டியலுக்குப் பட்டியலாத்தான் பதில் வேணுமாம். தபால்ல அனுப்புங்க, நாளைக்குள்ள முத்திரை விழுந்தா கணக்குல எடுத்துப்பாங்க."

பட்டியலுக்குப் பட்டியல் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. நான் படித்தது வாலாஜாபாத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். அங்கே தமிழ் ஐயா அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசை தப்பாமல் எழுத வைப்பார். பார்வையில் காட்டாத எதையும் கடிதத்தில் பேசக்கூடாது என்பார். எங்களிடம் காட்டுவதற்கு ஒன்று இருந்தது: பாவு முறை நோட்டு. தெரு ஒன்று, தறி நாற்பத்தேழு. என்றைக்கு யார் பாவு நீட்டுவது என்பதை ஒன்பது வருடமாக நான் எழுதி வருகிறேன். எழுதாத முறை செல்லாது.

நோட்டீசோடு வந்த அட்டவணையை இடப்பக்கம் வைத்தேன், நோட்டை வலப்பக்கம். "தேவேந்திரா, நீ அவங்க தேதியப் படி. நான் நம்மளதப் பாக்குறேன்."

"ஆகஸ்ட் ஒண்ணு."

"பாவு. பதினேழாம் நம்பர் வீடு."

"நாலு."

"பாவு. நாப்பத்தி ரெண்டு."

ஒவ்வொன்றாக டிக் விழுந்தது. மழை பெய்த நாட்களில் நோட்டில் பாவு இல்லை. அவர்கள் பட்டியலிலும் அந்த நாட்கள் இல்லை. எந்த அமாவாசையிலும் எங்கள் தெருவில் பாவு நீட்டுவதில்லை. புரட்டாசி அமாவாசை நோட்டில் காலி. அதுவும் பட்டியலில் இல்லை. அந்த நாட்களிலெல்லாம் பிரவீனா மனித வேகத்தில்தான் போயிருக்கிறாள். அட்டவணையின் கடைசிப் பத்தியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாளும் உரக்கிடங்கில் இறக்கிய குப்பையின் எடை. பறந்த நாட்களிலும் எடை நூறு கிலோவுக்குக் குறையவில்லை.

"வீட்டுல உக்காந்துக்கினு ஸ்கேன் பண்ணா எடை எங்கேருந்து வரும்?" என்றார் மாணிக்கவேல். அவர் குரலிலேயே ஒரு தெம்பு வந்துவிட்டது. "இத அவங்க பாக்கவே இல்ல பாரு. எடைய வேற செக்ஷன் பாக்குது, வேகத்த வேற செக்ஷன் பாக்குது."

முப்பத்தேழு டிக் ஆனது. ஒன்று நின்றது.

"இன்னாக்கா?" என்றாள் பிரவீனா.

"ஆவணி அமாவாசை. அவங்க பட்டியல்ல இருக்குது. நம்ம நோட்டுல காலியா இருக்குது."



மாணிக்கவேல் ஹெல்மெட்டைத் திருப்பினார். "போச்சு. முப்பத்தேழ விட்டுட்டு இந்த ஒண்ணத்தான் புடிச்சிக்குவாங்க. பாவே இல்லாத நாள்ல ஏன் பலகை முன்னாடி நின்னே, அப்படின்னா மத்த நாளும் பொய்தானேம்பாங்க."

"பேனா நம்ம கையிலதான இருக்குது," என்றான் தேவேந்திரன். "அக்கா, அந்த எடத்துல என் பேர எழுதிக்கோ. முடிஞ்சிது."

"மாட்டேன்."

"ஒரு வரிக்கா."

"ஒரு வரி பொய்யா எழுதிட்டு, மிச்ச முப்பத்தேழு வரிய நம்புங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேப்பேன்? ஒம்போது வருசமா நீங்க சண்டை போட்டாலும் இந்த நோட்டுதான் தீர்ப்பு சொல்லுது."

பிரவீனாவைப் பார்த்தேன். "அன்னிக்கி நீ எப்படி வந்தே? யோசிச்சுச் சொல்லு."

"கட்டியிருந்துச்சுக்கா," என்றாள் அவள் மெதுவாக. "பச்சைப் பாவு. அமாவாசையாச்சே, தெரு காலியா இருக்கும்னு வண்டிய உள்ள விட்டுட்டு, அப்புறம் ரிவர்ஸ் எடுத்து முனையிலயே நின்னுட்டேன். எல்லாரும் எழுந்து அங்கேயே கொண்டாந்து கொட்டுனாங்க."

"யாரோடது?"

"நான் பாவைத்தான் பார்த்தேன்."

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. வேலை போகிற நிலையிலும் பெயரைச் சொல்லவில்லை. பஞ்சாட்சரம் எழுந்து போய் மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகினார்.

"ஃபேன் நல்லாத்தான் சுத்துது," என்றாள் ஏலவார்குழலி. "வந்து உக்காந்து சொல்லுங்க."

"நீ சும்மா இரு குழலி."

"நான் சும்மாதான் இருக்கிறேன். அந்தப் பொண்ணு நாளைக்கிச் சும்மா இருக்கப் போவுது, அதுக்குத்தான் சொல்றேன்."

பஞ்சாட்சரம் நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கல்யாணச் சேலை. பொண்ணு வீட்டுல தேதிய முன்னாடி தள்ளிட்டாங்க. எனக்கு முறை வர இன்னும் ஆறு நாள் இருந்துச்சு. அமாவாசைக்கி எவனும் எழுந்திருக்க மாட்டான்னு..." என்று நிறுத்தினார். "ஏழு மணிக்குள்ள சுருட்டிட்டேன்."

தேவேந்திரன் நூல் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டான். முறை தவறிப் பாவு நீட்டுகிறவருக்கு அடுத்த இரண்டு முறை கிடையாது என்ற விதியை மூன்று வருடத்துக்கு முன் கொண்டுவந்தவர் பஞ்சாட்சரம். அதன்படி முதலில் முறை இழந்தவன் தேவேந்திரன்.

"மாமா," என்றான். "அன்னிக்கி என்னைத் தெரு நடுவுல நிக்க வச்சி இன்னா சொன்னீங்க? நெசவுக்காரனுக்கு ஒழுங்குதான் மொத நூலுன்னு சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்டா."

"அழகாச் சொன்னீங்க மாமா. நான் அழுதுட்டேன்."

ஏலவார்குழலி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிரவீனா வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது.

"எழுதும்மா சங்கரி," என்றார் பஞ்சாட்சரம். "ஆவணி அமாவாசையன்று சங்கத் தலைவர் தவறுதலாகப் பாவு நீட்டினார்னு எழுது."

"தவறுதலாவா?" என்று பேனாவை நிறுத்தினேன்.

"நாலு மணிக்கி அலாரம் வச்சாரு," என்றாள் ஏலவார்குழலி. "தவறுதலா அலாரம் அடிக்குமா?"

"சரி. முறை மீறின்னே போடு. என் பேரும் போடு, கையெழுத்தும் போட்டுத் தர்றேன். வர்ற ரெண்டு முறையும் எனக்கு வேணாம், அதையும் நோட்டுல ஏத்திக்கோ." பிறகு பிரவீனாவின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சிருந்துச்சில்ல? சொல்லியிருக்கலாமேம்மா."

"பச்சை நல்லா இருந்துச்சுங்கய்யா," என்றாள் பிரவீனா. "கெடுக்க மனசு வரல."

எழுதத் தொடங்கினேன். முதல் பத்தியில் அட்டைகளை உரித்தது பணியாளர் அல்ல, தெருவில் குடியிருக்கும் நாங்கள் என்று எழுதினேன். மாணிக்கவேல் எட்டிப் பார்த்து, அட்டையை உரித்தது விதிமீறல், கடிதம் உங்கள் பக்கம் திரும்பலாம் என்று எச்சரித்தார். திரும்பட்டும் என்று சொல்லிவிட்டேன். காலையிலேயே வீடு வீடாக வாங்கியிருந்த கையெழுத்து ஐம்பத்தெட்டு. நான்கு வீடு பூட்டியிருந்தது. அந்த நான்கு எண்களையும் குறிப்பிட்டேன்.

இரண்டாம் பத்தி தேதிகள். மூன்றாம் பத்தி எடை. நான்காம் பத்தியில் அமாவாசை, தலைவரின் பெயரோடு.

"சென்னை ஆபீஸ்ல பட்டியலைப் பாக்கிறது சிம்ரன்னு ஒரு பொண்ணு," என்றார் மாணிக்கவேல். "நல்ல பொண்ணு. ஆனா பாவுன்னா இன்னான்னு கேக்கும்."

அது நியாயமாகப் பட்டது. தேதிகளுக்கு முன்னால் பாவைப் பற்றி ஏழு வரி சேர்த்தேன். தேவேந்திரன் ஓரத்தில் ஒரு படம் போட்டான்: தெரு, கம்புகள், நடுவே இழைகள், முனையில் வண்டி, வண்டியருகே இடுப்பில் கைவைத்த ஒருத்தி.

"நான் இவ்ளோ குண்டா?" என்றாள் பிரவீனா.

"வேகத்துல அப்படித் தெரியும்கா."

கடைசிப் பத்தி கோரிக்கை. அறுபத்திரண்டு அட்டைகளுக்கும் காலை எட்டு மணி வரை சங்க அறைச் சுவரையே இடமாகச் செயலியில் பதிய வேண்டும். பதில்களில் நான்காவதாக, தெருவில் பாவு நீட்டப்பட்டுள்ளது என்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். இனிமேல் முதல் நாள் மாலையே மறுநாளின் பாவு முறையை மாணிக்கவேலின் போனுக்குச் சங்கம் அனுப்பிவைக்கும். இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பஞ்சாட்சரம் இரண்டு முறை தலையாட்டினார். அமாவாசையையும் சேர்த்து அனுப்பச் சொன்னான் தேவேந்திரன்.

நோட்டின் இரண்டு மாதப் பக்கங்களையும் எதிர்க்கடையில் நகலெடுத்து வரத் தேவேந்திரனை அனுப்பினேன். பிரவீனா விளக்கத்தைப் படித்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, பெரிய எழுத்தில் கையெழுத்திட்டாள். அதன் கீழே பஞ்சாட்சரம் போட்டார். வழக்கமாக வளைத்து வளைத்துப் போடுவார். அன்று பெயர் முழுதும் படிக்கும்படி இருந்தது.

பக்கங்களை எண்ணினேன், பதினொன்று. வலது மேல்மூலையில் எண்ணிட்டு, மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். பாவுக்குக் காய்ச்சி மீந்த கஞ்சி ஒரு கிண்ணத்தில் இருந்தது, ஏலவார்குழலி எடுத்துக் கொடுத்தாள். அதைத் தடவி உறையின் வாயை ஒட்டி, காயும் வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். மூன்றே முக்காலுக்கு மாணிக்கவேலின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அஞ்சலகம் போய், விரைவு அஞ்சல் கவுண்டரில் உறையைக் கொடுத்தேன். முத்திரை தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திரும்ப வாங்கிப் பின்னால் இருந்த பையில் போட்டாள்.