உள்ளி மணம்

றிப்னா மறுபடியும் குசினிக்குள் போய்ப் பார்த்தாள். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மௌத்து வீட்டில் உலை வைப்பதில்லை. சோறு அயல் வீடுகளிலிருந்துதான் வரும், அதுவும் இன்னும் வரவில்லை. அப்படியிருக்க, பூண்டு நசுக்கியது போல இந்த உள்ளி மணம் எங்கிருந்து வருகிறது?

குசினியில் இல்லை. வாப்பாவைக் கிடத்தியிருந்த அறையில்தான் இருந்தது.

வாப்பா மீராசா சுபஹுத் தொழுகைக்கு முன்பே மௌத்தாகியிருந்தார். இரவெல்லாம் இதே அறையில் வாந்தி, நெஞ்சடைப்பு, தீராத தாகம். கையைப் பிடித்துப் பார்த்த டொக்டர் "ஹார்ட் அட்டாக்" என்றார். வயதான நெல் வியாபாரிக்கு அது போதுமான காரணமாகவே எல்லாருக்கும் பட்டது.

உம்மா சுபைறா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வாப்பாவின் தம்பி கச்சிமுகம்மது சாச்சா கட்டிலருகில் நின்று வேலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாலு மாசம் பத்து நாளும் மதினி இந்த அறையிலயே இத்தா இரிக்கட்டும். டேய் ஷிப்லி, ஜன்னலச் சாத்தி, திரையக் கட்டு. இத்தா முடியிற வரைக்கும் அந்நிய ஆம்புளட கண் படப்படாது."

றிப்னாவின் தம்பி ஷிப்லி ஒரு ஜன்னலைச் சாத்தினான். மணம் கூடியது.

"உம்மா, உங்களுக்கு உள்ளி மணக்குதா?"

"எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல புள்ள. தல இடிக்கி. வயித்தப் பெரட்டுது. ராவு முழுக்க முழிச்சதுதானே."

அந்த அறைக்கும் பக்கத்து நெல் ஸ்டோருக்கும் ஒரே சுவர். கூரைக்குக் கீழே காற்றுக்கென்று விட்ட துளைகள்.

"ஷிப்லி, நேத்து வாப்பா ஸ்டோருக்குள்ள என்னடா செஞ்சார்?"

"வண்டுக்கு மருந்துக் குளிசை வெச்சார். நெல்லு ஈரம், வண்டு கெளம்பிட்டு எண்டு வழமையவிடக் கூடத்தான் வெச்சார். கதவு இடுக்கெல்லாம் சாக்கு வெச்சி அடச்சம்."

பள்ளியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் றிப்னா, போன கிழமைதான் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆவர்த்தன அட்டவணையைப் பலகையில் வரைந்து காட்டியிருந்தாள். இடப்பக்கமும் நடுவும் உலோகங்கள். வலப்பக்க மேல்மூலையில் கொஞ்சம் அல்லுலோகங்கள். நடுவே படிக்கட்டுப் போல இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டின் விளிம்பில், உலோகங்களின் பக்கம் அலுமினியம். அதே வரிசையில் சிலிக்கனைத் தாண்டினால் பொசுபரசு, அது அல்லுலோகம். உலோகம் இலத்திரனைக் கொடுக்கும், அல்லுலோகம் வாங்கும். அதனால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். வண்டுக் குளிசை என்பது அப்படிச் சேர்ந்த இந்த இரண்டும்தான். காய்ந்திருக்கும் வரை சும்மா கிடக்கும். ஈரம் பட்டாலோ, பொசுபரசு அலுமினியத்தைக் கைவிட்டு நீரிலுள்ள ஐதரசனைப் பிடித்துக்கொள்ளும். ஐதரசன், உலோகங்களின் பக்கத்து மூலையில் தனித்து நிற்கும் அல்லுலோகம். சேர்ந்ததும் வாயுவாய் எழும்பும். உள்ளி மணக்கும். வண்டைக் கொல்வது அதுதான். வண்டை மட்டும் கொல்ல அதற்குத் தெரியாது.

உம்மாவின் உதடு வெளிறியிருந்தது.

"ஜன்னலத் தொறடா! எல்லாரும் வெளிய முத்தத்துக்குப் போங்க. உம்மா, எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பைத்தியமா புள்ள?" சாச்சா சீறினார். "இத்தா இரிக்கிற பொம்புளைய றோட்டுக்கு இழுக்கிறியா? ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும் சாச்சா. வாப்பா ஹார்ட்டால போகல்ல. ஸ்டோருக்குள்ள இரிக்கிற மருந்து இஞ்சயும் வருது."

சாச்சா பதில் சொல்ல வாயெடுத்து, இருமினார். பிறகு சுவரின் துளைகளை அண்ணாந்து பார்த்தார்.

உம்மா அசையவில்லை. வாப்பாவின் மேல் போர்த்திய வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர விட்டுட்டு நான் வரமாட்டன்."

றிப்னா குனிந்து அவள் தோளைத் தொட்டாள். இழுத்தால் வரமாட்டாள் என்பது தெரிந்தது.

"ஓம், விட வேணாம். சாச்சா, கால்மாட்டுப் பக்கம் புடிங்க."

வாப்பாவைக் கட்டிலோடு தூக்கி, கடல்காற்று அடிக்கும் முன்முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். துணியின் ஓரத்தை விடாமல் உம்மாவும் கூடவே வந்தாள். "வாப்பாக்கிட்ட நான் இரிக்கன் உம்மா" என்று றிப்னா அந்த ஓரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டதும், ஷிப்லி உம்மாவை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.