எனக்கு வேண்டாத ஐந்து நிமிடம்

போன வருடம் எங்கள் ஊர் முப்போட்டியில் நான் முடிவுக் கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே முடிவுக் கோடே இல்லை. தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்க வேண்டிய காற்றடைத்த வளைவு தரையில் சப்பென்று கிடந்தது. இரண்டு பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து மிச்சக் காற்றைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஏழு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மாலை நான்கு வரை கணக்கு. நான் அந்தத் துணிக்குவியலின் மேல் நின்று ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிய பிறகுதான் தேவாலயக் கோபுரத்தில் நான்கு அடித்தது.

"எல்லாரும் வந்தாச்சுன்னு நெனச்சுட்டோம், வீட்ஸ்கே" என்றான் ஹில்கே. என் தங்கை புருஷன். போட்டியை நடத்துகிறவனும் அவன்தான். "மழை வேற. ஒரே ஒரு ஆளுக்காக இத்தன பேர நிக்க வெக்க முடியுமா? பியர் வேற சூடாகுது."

என் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று போட்டார்கள்.

எனக்கு வயது ஐம்பத்தேழு. கால்வாய்ப் பாலத்தைத் திறந்து மூடுவது என் வேலை. நான் சிவப்பு விளக்கைப் போட்டால் கோடீஸ்வரன் படகும் நிற்கும், உரம் ஏற்றிய படகும் நிற்கும். யார் கெஞ்சினாலும் நேரத்துக்கு முன்னால் திறந்ததில்லை, யார் திட்டினாலும் தாமதித்ததும் இல்லை. அப்படிப்பட்டவளின் கையிலிருந்த ஐந்து நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டு, பியர் சூடாகிறது என்றால் எரியுமா எரியாதா? எரிந்தது. ஒரு வருடம் முழுக்க எரிந்தது.

இந்த வருடம் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான்கு அடிப்பதற்குள், நிமிர்ந்து நிற்கும் அந்த வளைவுக்கு அடியில் நான் போக வேண்டும். பதக்கம், படம், கைதட்டல் எதுவும் தேவையில்லை.

மார்ச்சில் தங்கையின் பிறந்தநாள். எங்கள் பக்கத்தில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பித்து ஓட வழி கிடையாது. அங்கே வைத்துத்தான் ஹில்கே ஆரம்பித்தான்.

"இந்தத் தடவ சின்னப் போட்டியில சேந்துக்கோயேன். பாதித் தூரம். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். ஒனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"ஒங்களுக்கு என்ன நல்லது?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், தாயே."

"பேச்சுக்குச் சொல்றதா இருந்தா கேக்கப் பத்திச் சொல்லு. வறட்டு வறட்டுன்னு இருக்கு."

கேக்கைச் செய்தவள் என் தங்கை. அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கு வருத்தம்தான், ஆனாலும் கேக் வறண்டுதான் இருந்தது.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதுக்குப் பெண்களையும் கால் மணி கழித்து ஆண்களையும் கால்வாயில் இறக்கினார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். வாய்க்குள் போனால் சேற்றின் ருசி. நீச்சலில் நான் மோசமில்லை. ஒருத்தி என் காலைப் பிடித்து இழுத்தாள், நான் ஓர் உதை விட்டேன், அதோடு அவளை மறந்துவிட்டேன். கரையேறி ரப்பர் உடையை உரித்துப் போட்டு, தலைக்கவசத்தின் வாரை முதலில் மாட்டி, பிறகே சைக்கிளைத் தொட்டேன். அந்த வரிசையை மாற்றிச் செய்து எத்தனையோ பேர் நடுவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் மாட்ட மாட்டேன் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். அதில் பாதி நீளமான அணைக்கரையின் மேல். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஆடுகள், எதிரே காற்று. எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று என்று நாங்களே கிண்டலடிப்போம். அன்றைக்கு அது கிண்டலாக இல்லை. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

அப்போதுதான் ரின்ஸே வந்தான். எங்கள் விளையாட்டுச் சங்கத்து ஆள், தபால்காரன். தங்கமான பையன், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு. யார் கையில் பை கனத்தாலும் கேட்காமலே வாங்கித் தூக்கிக்கொள்வான். பின்னால் கிளம்பியவன் என்னைப் பிடித்து, பக்கத்தில் வந்து கத்தினான்.

"வீட்ஸ்கே, என் சக்கரத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கோ! காத்த நான் வாங்கிக்கறேன். ஒருத்தரும் பாக்கல!"

"ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா!"

அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு ஓட்டக் கூடாது. இரண்டு சைக்கிளுக்கும் நடுவே பத்து மீட்டராவது விட வேண்டும். யாராவது நம்மை முந்திவிட்டால் நாம்தான் பின்வாங்கி அந்த இடைவெளியைக் கொடுக்க வேண்டும். முந்தியவர் அதற்குப் பிறகு மெதுவாகப் போனாலும் அதுதான் விதி.

ரின்ஸே என்னை முந்தினான். முந்திவிட்டு எனக்கு நேர் முன்னால் வேகத்தைக் குறைத்தான். வேண்டுமென்றே. காற்று சட்டென்று நின்று போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அவனை முந்தினேன். அவன் திரும்பவும் முந்தி, திரும்பவும் முன்னால் வந்து, முதுகை அகலமாக விரித்துக்கொண்டு மிதித்தான்.

"தள்ளிப் போடா!"

"கூச்சப்படாத! அந்தத் திருப்பம் வரைக்கும்தான்!"

நான் பிரேக் பிடித்துப் பின்வாங்கியிருக்க வேண்டும். தெரியும். ஆனால் நான் ஏன் மெதுவாக வேண்டும்? வழியில் வந்து விழுந்தவன் அவன். ஒரு நொடிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவன் பின்சக்கரத்தை முறைத்துக்கொண்டே மிதித்தேன். அந்த நேரம் பார்த்து நடுவரின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது. விசில். நீல அட்டை. எனக்கு.

"அவன்தாங்க என் முன்னால வந்து விழுந்தான்!"

"முந்திட்டா நீங்கதான் பின்வாங்கணும். தண்டனைக் கூடாரத்துல அஞ்சு நிமிஷம்" என்றாள் நடுவர். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. பாலத்தில் நின்று படகுக்காரர்களிடம் நான் பேசுவதும் அந்தக் குரலில்தான்.

ரின்ஸேக்கு ஒன்றும் கிடையாது. முன்னால் போகிறவனுக்குத் தண்டனை இல்லை. முகம் வெளுத்துப் போய்த் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

சைக்கிள் முடியும் இடத்தில் கூடாரம். சங்கத்துப் பெண் ஒருத்தி கடிகாரத்தை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க, கொஞ்சம் கால ஆத்திக்கலாம்."

"எனக்கு நிக்கத் தெரியும்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் முந்தி வந்த நாலைந்து பேர் கண்ணெதிரே ஓடிப்போனார்கள். ஒரு வருடம் விடிகாலையில் எழுந்து மிதித்ததெல்லாம் ஒரு நல்லவனின் இரக்கத்தால் கரைந்து போகிறதே என்றிருந்தது. கெட்டவன் யாராவது தள்ளிவிட்டிருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், ஊரை மூன்று சுற்று. இரண்டாம் சுற்றில் ரின்ஸே பின்னாலிருந்து வந்து என்னைப் பிடித்தான்.

"நடுவர்ட்ட சொல்லிட்டேன் வீட்ஸ்கே, என் தப்புதான்னு! கேக்க மாட்டேங்கறாங்க!"

"ஒன்ன யாருடா சொல்லச் சொன்னா? ஒன் எரக்கத்த ஒரு கவர்ல போட்டு ஒட்டி வேற யாருக்காவது அனுப்பு!"

அவன் முடித்துவிட்டுப் போனான். எல்லோரும் முடித்தார்கள். மூன்றாம் சுற்றில் தெருவில் நான் மட்டும்தான். தண்ணீர்க் கோப்பைகளைப் பெருக்கத் தொடங்கியிருந்தார்கள். வலது முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் தனியாகக் கத்தியது. நடக்கவில்லை. நடந்தால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது, யாரிடம் என்று தெரியவில்லை.

என் பாலத்தின் மேல் ஏறிக்கொண்டிருந்தபோது கோபுரத்தில் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

முடிந்தது. அந்த இடத்தில் நின்றிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நின்றால் இந்த முறை 'முடிக்கவில்லை' என்பது உண்மையாகிவிடும். போன வருடம் அவர்கள் சொன்ன பொய்யை நானே மெய்யாக்குவதா? அதுக்கு வேற ஆளைப் பார் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு பாலத்தை விட்டு இறங்கினேன்.

படகுத்துறைப் பக்கம் திரும்பியதும் வளைவு தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஊரே நின்றது. என்னைக் கண்டதும் தகரத் தடுப்புகளைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள். "வா, வீட்ஸ்கே! நேரம் இருக்கு! வா, வா!"

நேரம் இருக்கிறதா? வளைவுக்கு மேலே இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி ஐம்பத்தொன்பது நிமிடம். ஓடிக்கொண்டே பார்த்தேன். இன்னும் அதே ஐம்பத்தொன்பது. அதன் வினாடிகள் நகரவே இல்லை.

வளைவுக்கடியில் ஹில்கே கடிகாரத்தின் விசைக்கருவியைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ரின்ஸே, கண்ணெல்லாம் சிவந்து, எல்லாரையும்விட வேகமாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் புரிந்தது. ஊர் கூடி எனக்காகக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறது.

கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நின்றேன்.

"ஹில்கே, கடிகாரத்த ஓட விடு."

"தாண்டித் தொலையேன்! இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு பாரு!"

"நாலு அடிச்சது என் காதுல விழுந்துச்சு."

"அது... கோபுரத்துக் கடிகாரம் கொஞ்சம் முன்னாடி ஓடுது."

"அந்தக் கோபுரத்தப் பாத்துத்தான் முப்பது வருஷமா பாலம் தொறக்கறேன். என்கிட்டயா கதை விடுற?"

கைதட்டல் குறைந்தது. ஹில்கே பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"இங்க பாரு. போன வருஷம் நான் பண்ணது தப்புதான். அந்த அட்டையும் ஒனக்கு வர வேண்டியது இல்ல, ரின்ஸே வந்து அழுவுறான். ஊரே ஒனக்காக நிக்குது. ஒரே ஒரு அடி எடுத்து வெய்யி. யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்."

பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கேட்ட வளைவு எதிரே நிற்கிறது. இத்தனை பேர் என்மேல் வைத்திருக்கும் பிரியத்தை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்த அடியை எடுத்து வைத்தால் நான் சாகும்வரை இந்த ஊரில் கடிகாரத்தை நிறுத்திக் கரையேற்றப்பட்டவள். ரொட்டிக் கடையில் அன்பாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது.

"பின்வாங்காம ஓட்டினது நான், அட்டை என்னோடதுதான்" என்றேன். "போன வருஷம் என்கிட்ட இருந்த அஞ்சு நிமிஷத்தப் புடுங்கிக்கிட்ட. இந்த வருஷம் இல்லாத அஞ்சு நிமிஷத்தத் தூக்கிக் குடுக்குற. ரெண்டும் எனக்கு வேண்டாம். ஓட விடு, ஹில்கே. நீ ஓட விடற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன். எனக்கு நிக்கத் தெரியும்னு அந்தக் கூடாரத்துல கேட்டுப் பாரு."

"கழுத, கழுத! ஒங்க குடும்பமே இப்படித்தான்!" என்று கத்திவிட்டு விசையை அழுத்தினான்.

எண்கள் ஒரு துள்ளு துள்ளி ஏழு மணி நான்கு நிமிடத்துக்குப் போய், அங்கிருந்து ஓடத் தொடங்கின. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். யாரும் தட்டவில்லை. நான் தலையை நிமிர்த்தி ஓர் அடி எடுத்து வைத்தேன். கோட்டில் விரித்திருந்த, நேரம் பதியும் பாய் பீப் என்றது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை அந்த வருடம் நான் கேட்கவில்லை.

ஹில்கே பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தான்.

"அது நேரத்துக்குள்ள வந்தவங்களுக்குத்தான?"

"ஆமா."

"அப்ப பெட்டியில போடு."

"நான் என்னதான் எழுதட்டும்?"

"முடிச்சாங்கன்னு எழுது. நேரம் தாண்டி முடிச்சாங்கன்னு எழுது. ரெண்டையும் எழுது."

அவன் எழுதினான். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் சோர்ந்த முகத்தோடு வளைவுக்குக் காற்றடிக்கும் பொறியை நோக்கிப் போனான்.

"நில்லு. எனக்குப் பின்னால யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? நீதான் கடைசி."

"கேட்டுட்டுச் சொல்லு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு போனை எடுத்து, வழியில் நின்ற ஒவ்வொரு காவலாளியாகக் கூப்பிட்டுக் கேட்டான். ரின்ஸே மூச்சுவிடாமல் பக்கத்தில் நின்றான். பியர் சூடாகிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"யாரும் இல்ல" என்றான் கடைசியில்.

"சரி. இப்பக் கழட்டு."