பின்கழுத்தில் ஒரு மடிப்பு

கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதற்காக மனைவி காத்து நின்றபோதுதான் தையல்காரர் அந்த மடிப்பைப் பார்த்தார். அவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். அவள் சட்டையின் பின்கழுத்துக்குக் கீழே துணி மிஞ்சிச் சுருண்டிருந்தது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் உடுப்புக்கு அவரைத் தவிர வேறு யாரும் கத்தரி வைத்ததில்லை. அவள் அளவு அவருக்கு மனப்பாடம்: முதுகுக்குத் துணி கொஞ்சம் அதிகம், முன்பக்கம் கொஞ்சம் குறைவு, தோள் உருண்டையாக. கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டிவிடுவேன் என்று கடையில் பீற்றிக்கொள்வார்.

"சட்டை சரியா உக்காரலியே," என்று எழுந்து அருகே போனார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் அவள்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் மடிப்பு இல்லை. சட்டை வார்த்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்கு அதுதான் உறுத்தியது. துணி பொய் சொல்லாது. அவர் தூரத்தில் இருந்தால் ஒரு உடம்பு, கிட்டே வந்தால் இன்னொரு உடம்பா?

அவள் கழுத்து வலிக்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொல்லி டாக்டர் அனுப்பியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒருவர் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார் என்று போனாள். அதுவரை அந்த வீட்டில் மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டரான இவர் ஒருத்தர்தான். இப்போது சாப்பிட உட்கார்ந்தால் மாஸ்டர் சொன்னாரு, படுக்கப் போனால் மாஸ்டர் சொன்னாரு. ஒரு காலில் எடை நிறையும்போது இன்னொரு கால் காலியாக இருக்கவேண்டுமாம். வகுப்பில் செலோ என்கிற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் இசை வேறு ஓடுமாம்.

"சீனாக்காரன் வித்தைக்கு வெள்ளைக்காரன் வாத்தியம் எதுக்கு?"

"ரெண்டுலயும் மூச்சு ஒண்ணுதானாம்."

எந்த வேலையும் ஒழுங்காகத் தெரியாதவன்தான் இரண்டைக் கலந்து கடை விரிப்பான் என்று தையல்காரர் மனதுக்குள் முடிவுகட்டினார். ஆனால் அவள் அடுப்பங்கரையில் அந்த இசையை முணுமுணுக்கும்போது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் முணுமுணுத்து அவர் கேட்டதில்லை. இவள் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்று முதல்முறையாகப் பயந்தார்.

அடுத்த வகுப்பன்று அவள் தண்ணீர்ப் புட்டியை மறந்துவிட்டுப் போனாள். சந்தேகத்தில் வெந்துகொண்டிருப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மாடிப்படி ஏறினார்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் தண்ணீருக்குள் நடப்பதுபோல் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த மாஸ்டர் கட்டுமஸ்தான ஆளாக இருப்பான் என்று எதிர்பார்த்திருந்தார். நேரில் பார்த்த மாஸ்டருக்கோ தொப்பை, நரைத்த தலை, முடிச்சுப் பொத்தான் வைத்த கறுப்புச் சட்டை. அக்குள் வெட்டு படுமோசம். அழகனாக இருந்திருந்தால் கோபப்படவாவது வசதியாக இருந்திருக்கும்.

உள்ளே போனதும் சுவரைப் பார்த்தார். கரியால் வரைந்த ஆளுயரப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அதில் ஒன்று அவர் மனைவி. உடம்பில் குப்பென்று சூடு ஏறியது. உள்ளிழுத்த கழுத்து, உருண்ட தோள், அச்சு அசல் அவளேதான். அந்தப் படத்தை வைத்தே சட்டை வெட்டிவிடலாம். பக்கத்தில் இன்னொரு படம். நெடுநெடுவென்று நிமிர்ந்து நின்ற யாரோ ஒரு பெண். அவள் காலரைப் பார்த்த பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. அவர் மனைவிக்குத் தைத்த காலர்.

"சேர வந்தீங்களா?" மாஸ்டர் பின்னால் நின்றார்.

"தண்ணி கொடுக்க வந்தேன். இதெல்லாம் எதுக்கு?"

"நான் முதல்ல படிச்சது ஓவியம்தான். உடம்பைப் பார்க்க அதுல கத்துக்கிட்டேன், நிக்கறதுக்குத் தாய்ச்சில. வந்த அன்னைக்கே ஒரு படம் வரைஞ்சிருவேன், கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு."

"தொட்டுத் திருத்துவீங்களோ?"

"தொடமாட்டேங்க. படத்தைக் காட்டுவேன். அவங்களே நிமிந்துக்குவாங்க."

பதில் ரொம்பச் சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தமான பதில் தயாராக வைத்திருக்கிற மனிதரை எப்படி நம்புவது?

வகுப்பு முடிந்து இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அவள் இன்னும் இசையிலேயே இருந்தாள். மூடியிருந்த ஒரு கடையின் கண்ணாடியில் தங்கள் இருவரையும் பார்த்துத் தையல்காரர் நின்றுவிட்டார். அவள் தலை அவர் தலைக்கு நாலு விரல் மேலே இருந்தது. அவர் பார்ப்பதை அவளும் கண்ணாடியில் பார்த்தாள். உடனே கழுத்து உள்ளே போனது, தோள் உருண்டது. இரண்டாவது படம் போய் முதல் படம் வந்து நின்றது.

"நீ எப்ப வளந்தே?"

"வளரல." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "கல்யாண போட்டோ எடுக்கறப்ப அத்தை காதுல சொன்னாங்க, அவனைவிட உயரமாத் தெரியுது, கொஞ்சம் குறுகி நில்லும்மான்னு. நின்னேன். போட்டோக்காரர் போயிட்டாரு. அப்புறம் யாரும் நிமிரச் சொல்லல."

"எனக்குத் தெரியவே இல்லியே."

"நீங்க அளவெடுத்தீங்க," என்றாள். குரலில் குத்தல்கூட இல்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளேயே பழைய சந்தேகம் தலை நீட்டியது.

"அந்தாளுக்குத் தெரியுமா? நீ யாருக்காகக் குறுகினேன்னு?"

"அவர் கேக்கல. நானும் சொல்லல."

மறுநாள் கடையில் கூட்டம் குறைந்ததும் அவளை வரச்சொன்னார். ஆணியில் தொங்கிய அவள் சட்டைக்கு வெட்டிவைத்த பழைய காகித மாதிரியை எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்தார். பல்லிடுக்கில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, டேப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். அவர் கிட்டே வந்ததும் அவள் கழுத்து தானாக உள்ளே போனது.

அவர் அளக்கவில்லை. டேப்பின் நுனியை அவள் பின்கழுத்தருகே பிடித்தபடி நின்றார்.

"என்ன?" என்றாள் அவள் திரும்பாமல்.

செலோ இசையை அவள் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினாள். எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறியது. முதுகு நீண்டது, பின்கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது, பழைய சட்டையில் அந்த மடிப்பு விழுந்தது. டேப்பின் நுனி எங்கோ கீழே நின்றது. பின்கழுத்தை எட்டத் தையல்காரர் குதிகால்களைத் தரையிலிருந்து தூக்கினார்.